மரத்தைத் தொட்டா அபுதாபி

பாப்பாங்களா, மவுஸைக் கொஞ்ச நேரம் விட்டுட்டு இப்படித் திரும்பி உட்காருங்க. நேத்து ஒரு பிரிண்ட் எடுக்க வந்தேன் பாருங்க, அப்ப கவுண்டருக்கு உள்ள எட்டிப் பார்த்தேன். ரிட்டயர் ஆனாலும் அந்தப் புத்தி போகல. உங்கள்ல ஒருத்தி டெஸ்க்டாப்ல அம்புக்குறி போட்டிருந்த ஷார்ட்கட்டையெல்லாம் ஒண்ணொண்ணா அழிச்சுக்கிட்டு, "சும்மா இடத்தை அடைக்குது"ன்னு சொல்லிக்கிட்டிருந்தா. பக்கத்துல இருந்தவ அதுக்கும் மேல. ஒரு கஸ்டமரோட ஃபோல்டரையே தூக்கிட்டு, "அதான் டெஸ்க்டாப்ல ஒண்ணு இருக்கே"ங்கறா. நல்லவேளை, ரீசைக்கிள் பின்ல கிடந்துச்சு, எடுத்துட்டோம்.

உங்க மேடம், அதாவது எங்க பழைய முதலாளியோட மருமக, "அக்கா, நாளைக்கு வந்து இதுங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க"ன்னாங்க. என்னைப் போய் ரெண்டு வார்த்தைன்னு கூப்பிட்டது அவங்க தப்பு. வீட்டுல பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாதவளைப் பேசக் கூப்பிட்டா லேசுல விடுவாளா? டீ சொல்லியிருக்காங்க, வரட்டும். அதுக்குள்ள ஆரம்பிச்சிடுறேன்.

ஷார்ட்கட் போடுறது எப்படின்னு நான் சொல்லித் தரப் போறதில்ல. அது உங்க விரலுக்கே தெரியும். ஒண்ணே ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கங்க. அந்தப் படம் வெறும் வழி. வீடு வேற எங்கயோ இருக்கு. வழியை அழிச்சா வீடு போகாது. வீட்டை இடிச்சா வழி இருந்து பிரயோஜனம் இல்ல. அதெல்லாம் கூடச் சமாளிச்சுடலாம். வழி வேற ஒருத்தர் வீட்டு வாசல்ல கொண்டுபோய் விட்டுச்சுன்னா, அதுதான் ஆபத்து. இந்தக் கடையில அப்படி ஒரு தடவை ஆச்சு.

நான் வேலைக்குச் சேர்ந்தப்ப நாகூர் பஜார்ல கம்ப்யூட்டர் கடைன்னா இது ஒண்ணுதான். மூணு மெஷின், ஒரு டெலிபோன் லைன். நெட் கனெக்ட் ஆகுறதுக்குள்ள ஒரு தடவை கொல்லைக்குப் போயிட்டு வந்துடலாம். எங்க முதலாளி மலேசியாவுல இருந்துட்டுத் திரும்பி வந்தவரு. ஊர்ல இருக்குற பொம்பளைங்க வரணும்னா கவுண்டர்ல பொம்பளைதான் இருக்கணும்னு யோசிச்சு என்னை வெச்சாரு. நல்ல மூளை. ஒரே மாசத்துல கடை நெறைஞ்சு போச்சு.

வந்ததெல்லாம் புருஷனை அனுப்பிட்டு உட்கார்ந்திருக்குற பொண்ணுங்க. பிழைக்க வெளிநாடு போறதை இங்க சபர் போறதுன்னு சொல்லுவாங்க. நாகூர்ல வீட்டுக்கு ஒருத்தர் எப்பவும் சபர்லதான் இருப்பாங்க. அது பழைய கதை. அப்ப ஆத்துல தண்ணி வர்றதும் நின்னுச்சா, குறுவை போடாம கிடந்த கிராமத்துலேந்தெல்லாம் ஆம்பளைங்க பம்புசெட்டை வித்துட்டு டிரைவர் விசாவுல போக ஆரம்பிச்சாங்க. அவங்க பொண்டாட்டிங்களும் பஸ் ஏறி இங்க வருவாங்க. எல்லாரும் அந்தப் பெஞ்சுலதான். ஒருத்தி பர்தா, ஒருத்தி மல்லிப்பூ. கவலை மட்டும் ஒரே கவலை.

மெயில் எல்லாம் தமிழ்ப் பேச்சுதான், ஆனா இங்கிலீஷ் எழுத்துல வரும். நெட் ஓடுற நேரம் விலை அதிகம். அதனால காலையில ஒரு தடவை கனெக்ட் பண்ணி எல்லாருக்கும் வந்ததை இறக்கி, ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஃபோல்டர் போட்டு அதுக்குள்ள வெச்சிடுவேன். சாயங்காலம் வந்து சாவகாசமா படிச்சுக்கலாம். யோசனை எல்லாம் பிரமாதம். ஃபோல்டருக்குப் பேர் வைக்கிறதுலதான் வந்துச்சு தொல்லை.

"உங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா?"ம்பேன். வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாங்க. புருஷன் பேரை வாயால சொல்ல மாட்டாங்க. ஒருத்தி எதிர்த்தாப்புல இருந்த பேக்கரி போர்டைக் கையைக் காட்டி, "அந்தப் பேருதான் அக்கா"ன்னா. சரி, உன் பேரை வெக்கிறேன்னா, "ஐயய்யோ, நாலு பேர் வந்து போற இடத்துல என் பேரு வேணாம்"பாங்க. கடைசியில ஊர் பேரையும் ஒரு நம்பரையும் போட்டேன். துபாய் ஒண்ணு, துபாய் ரெண்டு, தம்மாம் ஒண்ணு, அபுதாபி மூணுன்னு. எந்த நம்பர் யாரோடதுன்னு என் தலைக்குள்ளதான் இருந்துச்சு.

அதுக்கு மேல, அவங்க டிரைவுக்குள்ள போய்த் தேடினா அடுத்தவ ஃபோல்டரைத் திறந்துடுவாங்களோன்னு பயம். அப்பதான் ஷார்ட்கட் போட்டு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு படம் மாத்திக் குடுத்தேன். கம்ப்யூட்டர்லயே இருக்குமே, மரம், சாவி, நட்சத்திரம், பல்புன்னு, அந்தப் படங்க. நீ இதைத் தொடு, உன் வீடு திறக்கும்னேன். பொண்ணுங்களுக்கு ஒரே குஷி. "அக்கா, எனக்கு நட்சத்திரம்", "எனக்கு ரயிலு"ன்னு சண்டையே வந்துச்சு. சுமதின்னு ஒருத்தி, கிராமத்துலேந்து வர்றவ, வாயாடி. "எனக்குச் சாவி குடுங்க. என்னைப் பூட்டி வெச்சிட்டுப் போனவரு சாவியைக் குடுக்காமப் போயிட்டாரு"ன்னா. பெஞ்சே சிரிச்சுச்சு. ஹமீதான்னு ஒருத்தி, இங்க தெற்குத் தெரு, அதிகம் பேச மாட்டா. "எது இருந்தா என்னக்கா, அந்த மரத்தைப் போட்டுடுங்க"ன்னா. சாவியும் மரமும் ரெண்டுமே அபுதாபி. அபுதாபி மூணு, அபுதாபி நாலு.

இந்த ஹமீதாவுக்கு என் மேல ஒரு ஒட்டுதல். தன் வேலை முடிஞ்சாலும் கிளம்ப மாட்டா. கவுண்டருக்குப் பக்கத்துல ஸ்டூலைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பா. சில நாள் டிபன் பாக்ஸ்ல எதையாவது கொண்டுவந்து, "சாப்பிடுங்கக்கா, தனியா என்னத்தச் சமைச்சிருப்பீங்க"ம்பா. அவ சொன்னது நெசம். கீழ்வேளூர் பக்கத்துல பெரிய வீடு எங்களோடது. அக்கா சிங்கப்பூர் போயாச்சு, தம்பி சென்னை போயாச்சு, நிலமெல்லாம் குத்தகைக்குப் போயாச்சு. எனக்குக் கல்யாணப் பேச்சு எடுத்தவங்களும் போய்ச் சேர்ந்தாச்சு. நாள் பூரா ஊரான் வீட்டுக் கொஞ்சலையும் கோவத்தையும் படிச்சிட்டு, கடைசி பஸ்ஸுல போய்ப் பூட்டைத் திறந்து ஒரு ரூம்ல மட்டும் லைட்டைப் போடுவேன். என் மெயில்ல விளம்பரம் வரும். அதையும் படிப்பேன்.

ஹமீதாவோட புருஷன் ஜலீல். சுமதியோட புருஷன் செல்வம். ரெண்டு பேரும் அபுதாபியில ஒரே கேம்ப், ஒரே ரூம். ஒரே ஊர்ப் பக்கத்து ஆளுங்க, சேர்ந்துக்கிட்டாங்க. பொண்டாட்டிங்களுக்கு அதுவரைக்கும் இது தெரியாது, ஒருத்திக்கு ஒருத்தி பெஞ்சுப் பழக்கம்தான். எனக்குத் தெரியும். ரெண்டு பேரு மெயிலும் என் கையாலதானே இறங்குது.

சுமதிக்கு இங்கிலீஷ் எழுத்து சரியா வராது. நான்தான் மெதுவாப் படிச்சுச் சொல்லுவேன். ஒரு நாள் அப்படிப் படிக்கிறேன், செல்வம் எழுதியிருக்காரு. என் ரூம்ல இருக்குற ஜலீல் பாய்க்கு, அதான் நாகூர் தெற்குத் தெரு ஹமீதாவோட வீட்டுக்காரருக்கு, கம்பெனியில என்னவோ ஆசிட் தெறிச்சு ரெண்டு கண்ணும் போயிடுச்சு, ஆஸ்பத்திரியில இனிமே வராதுன்னுட்டாங்க. ஊர்ல யாருக்கும் தெரியக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. கேம்ப் கிச்சன்ல வெங்காயம் உரிக்க உட்கார வெச்சிருக்காங்க. அவரு வீட்டுக்கு மெயில் அவரு சொல்லச் சொல்ல நான்தான் அடிக்கிறேன். நீயும் யார்கிட்டயும் மூச்சு விடாதே.

படிச்சு முடிக்கிறேன், எனக்குப் பின்னாடி பெஞ்சுலேந்து ஹமீதா, "அடுத்து நான்தானே அக்கா?"ங்கறா. சுமதி என் முகத்தைப் பார்க்குறா, நான் அவ முகத்தைப் பார்க்குறேன். "ஆமாம்மா, வா"ன்னேன். அவ வந்து மரத்தைத் தொட்டா. அதுல ஜலீல் எழுதியிருக்காரு, நான் சுகமா இருக்கேன், லீவு கிடைக்கல, அடுத்த பெருநாளைக்குப் பார்ப்போம்னு.

அந்த அடுத்த பெருநாள் வந்துச்சு, போச்சு. அதுக்கடுத்ததும் போச்சு. போன்ல மாசத்துக்கு ஒரு தடவை ரெண்டு வார்த்தை பேசுவாரு, வெச்சிடுவாரு. ஊர் சும்மா இருக்குமா? அங்க இன்னொரு குடும்பம் வெச்சிருக்கான்னு பேச ஆரம்பிச்சுடுச்சு. ஹமீதா என் ஸ்டூல்ல உட்கார்ந்து அழுவா. "என்னைப் பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னு சொல்லிடலாம்லக்கா?"ம்பா. அவ அண்ணன்மாருங்க கொதிச்சுப் போயி, ஜமாத்துல பிராது வெச்சு இந்தக் கல்யாணத்தை முறிச்சிடுறதுன்னு நாளும் குறிச்சுட்டாங்க.

எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு, பாப்பா. முழுங்கினேன். இன்னொருத்தி மெயில்ல படிச்சதை எடுத்து வெளியில போட்டா, நாளைக்கு எவ இந்தப் படியேறி வருவா? திரையில பார்த்தது திரையோட. அந்தக் கட்டுப்பாடு இல்லேன்னா இது கடை இல்ல, குழாயடி. நான் செஞ்சது ஒண்ணுதான். சுமதியை விட்டு, "அந்த மனுஷன்கிட்ட எடுத்துச் சொல்லுங்க, இங்க பொண்ணு வாழ்க்கை போகுது"ன்னு செல்வத்துக்கு எழுதச் சொன்னேன். பதில் வந்துச்சு. கண்ணு போனவன் ஊருக்கு வந்து அவளுக்குப் பாரமா கிடக்குறதுக்கு, அவ என்னை வெறுத்துட்டு வேற கல்யாணம் பண்ணிக்கிட்டா நல்லதுன்னு ஜலீல் சொல்றாராம். சுமதி தலையில அடிச்சுக்கிட்டா. "இந்த ஆம்பளைங்களுக்கு மூளையை யாருக்கா குடுத்தது?"ன்னா.

ஜமாத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது என் தம்பி பையன் அமெரிக்கா கிளம்பினான். ஏத்தி விட நான் சென்னைக்குப் போனேன். ஏர்போர்ட்டுல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் கையாட்டினான், என்னைப் பார்த்துதான் ஆட்டுறான்னு நெனச்சு நானும் ஆட்டினேன், எனக்குப் பின்னாடி அவன் ஃபிரெண்டு நின்னுக்கிட்டிருந்தான். சரி, அதை விடுங்க. நான் அங்க இருந்தப்ப இங்க கரண்ட் ஏறி இறங்கி, மெயின் மெஷின் படுத்துடுச்சு. சர்வீஸ்காரர் வந்து புதுசா எல்லாம் ஏத்திக் குடுத்துட்டுப் போயிட்டாரு. டி டிரைவ்ல ஃபோல்டரெல்லாம் பத்திரமா இருந்துச்சு. டெஸ்க்டாப் மட்டும் துடைச்சு விட்ட மாதிரி ஆயிடுச்சு. ஒரு மரம் இல்ல, ஒரு சாவி இல்ல.

வெள்ளிக்கிழமைதான் இங்க கூட்டம். அங்க அன்னிக்கு லீவு, தொழுகை முடிச்சிட்டு ஆம்பளைங்க நெட்டுக்கு வருவாங்க. நான் இல்ல, பொண்ணுங்க வந்துடுவாங்களேன்னு முதலாளி பாய் தானே உட்கார்ந்து ஷார்ட்கட் போட்டிருக்காரு. பாவம், நல்ல மனசோடதான் செஞ்சாரு. வந்தவங்களை ஒவ்வொருத்தரா, "உனக்கு என்ன படம்மா, எந்த ஃபோல்டரு?"ன்னு கேட்டிருக்காரு. ஹமீதா தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "மரம், நானா. அபுதாபி"ன்னிருக்கா. நானான்னா இங்க அண்ணன். "அபுதாபியில நாலஞ்சு இருக்கேம்மா. வீட்டுக்காரர் பேரைச் சொல்லு, உள்ள பார்த்துடலாம்"னிருக்காரு. ஆம்பளைகிட்ட எங்க சொல்லுவா? "மூணோ நாலோ"ன்னிருக்கா. இவரு மூணுல மரத்தைப் போட்டுட்டாரு. மூணு சுமதியோடது.

அப்புறம் நான் சத்தம் போட்டேன், "ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாம்ல பாய்?"ன்னு. அவரு என்னைப் பார்த்து, "பொம்பளைப் புள்ளைங்க லெட்டரு இருக்குற இடத்தை நான் திறந்து பார்க்கலாமாம்மா?"ன்னாரு. அவ கூச்சமும் நியாயம், இவரு கண்ணியமும் நியாயம். ரெண்டு நியாயமும் சேர்ந்து பண்ணின கோளாறு அது. அதனாலதான் சொல்றேன், ஷார்ட்கட் போட்டீங்கன்னா அந்த ஆளையே பக்கத்துல உட்கார வெச்சு, அவங்க கையாலயே திறக்கச் சொல்லி, உங்களோடதுதானான்னு கேளுங்க. நீங்க முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கங்க. கூச்சப்பட்டா படட்டும்.

நான் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாம பையோட நேரா இங்கதான் வந்தேன். நாலு மணி வெயில். பெஞ்சு நெறைய ஆளுங்க. மெயின் மெஷின் முன்னாடி ஹமீதா உட்கார்ந்திருக்கா. முதுகைப் பார்த்ததுமே என்னவோ சரியில்லேன்னு தோணுச்சு. ஸ்கிரீனைப் பார்த்தேன். செல்வம் அனுப்பின போட்டோ. ரூம்ல நாலு பேரு சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க, ஓரத்துல கட்டில்ல ஜலீல்.

ஹமீதா திரும்பாமலே, "அக்கா, இவரு ஏன் வீட்டுக்குள்ள கறுப்புக் கண்ணாடி போட்டிருக்காரு?"ன்னா.

அவ அடுத்த படத்தைத் தட்டினா. கேம்ப் வாசல். ஜலீல் கையில ஒரு வெள்ளைக் குச்சி. இன்னொரு கை செல்வத்தோட தோள் மேல.

பெஞ்சுலேந்து சுமதி பாய்ஞ்சு வந்தா. "ஏய், அது என் போட்டோ! என் ஃபோல்டரை நீ ஏன் திறந்தே? யாருடி உனக்கு..." அவ்வளவுதான், படம் கண்ணுல பட்டுச்சு. அப்படியே தரையில உட்கார்ந்துட்டா. "நான் சொல்லலக்கா, சத்தியமா நான் சொல்லல"ன்னு என்கிட்ட சொல்றா. இவ வேற, என்னைக் காட்டிக் குடுக்குறோம்னுகூடத் தெரியாம.

ஹமீதா மெதுவாத் திரும்பினா. "உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்."

"இந்த ஸ்டூல்ல உட்கார்ந்து நான் அழுதேனே. அப்பவுமா?"

"அப்பவும் தெரியும்."

"உங்களை என் கூடப் பொறந்தவளா நெனச்சேன்"னா. சத்தம் போடல, திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். யாராவது என்னைத் திட்டியே ரொம்ப நாளாச்சு.

கண்ணைத் துடைச்சிட்டு, "இப்பவே மெயில் அடிங்க"ன்னா. சுமதி தரையிலேந்தே, "அதை எங்க வீட்டுக்காரர்தானே அவருக்குப் படிச்சுக் காட்டணும்? சத்தியம் பண்ணிட்டு உட்கார்ந்திருக்குற மனுஷன் படிப்பாரா? முழுங்கிடுவாரு"ன்னா. அது உண்மை. போன் பண்ணலாம்னா கேம்ப்புக்குப் போன் கிடையாது, அவங்கதான் கூப்பிடணும். ஜமாத்து நாள் வேற கிட்ட வந்துடுச்சு. எல்லாரும் என் மூஞ்சியைப் பார்க்குறாங்க. நான் வீட்டுச் சாப்பாட்டுக்கு என்ன வைக்கிறதுன்னுகூட யாரையும் கேக்காம முடிவு பண்ணிப் பழகினவ, ஆனா அடுத்தவங்க வாழ்க்கைக்கு முடிவு பண்ணினதில்ல.

அப்ப ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. வெள்ளிக்கிழமை இந்த நேரத்துக்கு செல்வம் நெட் சென்டருக்கு வந்து சுமதியோட பேசுவாரு. ஜலீலை ரூம்ல தனியா விட முடியாம, அவரையும் கூட்டிக்கிட்டு வந்து பக்கத்துல உட்கார வெச்சிருப்பாருன்னு ஒரு மெயில்ல படிச்சிருக்கேன். இது வரைக்கும் அவங்க கேமரா இல்லாமத்தான் பேசியிருக்காங்க.

சுமதியைத் தூக்கி நிறுத்தினேன். "இதோ பாரு, எப்பவும் பேசுற மாதிரி பேசு. அழுதுடாதே. கேமராவைப் போடுங்க, முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாச்சுன்னு கேளு. படம் வந்ததும் ஹெட்போனை ஹமீதாகிட்ட குடுத்துடு. முன்னாடியே தெரிஞ்சா அந்த ஆளு எந்திரிச்சுப் போயிடுவாரு"ன்னேன். மெயில் ரகசியம், கட்டுப்பாடுன்னு சொன்னேனே, அதையெல்லாம் கேட்டீங்கன்னா, ரகசியம் அந்தப் போட்டோவோட வெளியில வந்தாச்சு. இனிமே அதைக் காக்குறேன்னு நிக்கிறது வீம்பு. அந்த நேரத்துல அப்படித்தான் எனக்குப் பட்டுச்சு, இப்பவும் அப்படித்தான் படுது.

பெஞ்சுல இருந்தவங்களை எழுப்பி வெளியில அனுப்பினேன். ஷட்டரை இடுப்பு வரைக்கும் இறக்கினேன். முதலாளி பாய் குனிஞ்சு உள்ள பார்த்து, "ஏம்மா, வெள்ளிக்கிழமை வியாபாரத்தைக் கெடுக்குறியே!"ன்னாரு. "பாய், கொஞ்சம் வெளியில நில்லுங்க"ன்னேன். ஹமீதா முகத்தைப் பார்த்தவரு வேற எதுவும் கேக்கல. அந்த வெயில்ல நடுத்தெருவுல நின்னுக்கிட்டு, வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம், "லைன் இல்ல, லைன் இல்ல"ன்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. பொய்யே சொல்லாத மனுஷன்.

ஜலீல் வந்தாரான்னு உங்களுக்கு இருப்புக் கொள்ளாது, அதைச் சொல்லிட்டே மேல போறேன். வந்தாரு. ஹமீதா அண்ணன்மாருங்க பிராதைக் கைவிட்டுட்டு, அவங்களே மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்குப் போய்க் கையைப் பிடிச்சு அழைச்சிட்டு வந்தாங்க. இப்பவும் தெற்குத் தெருவுலதான் இருக்காங்க, ரெண்டு புள்ளைங்க. சுமதியும் ஹமீதாவும் அன்னிக்கு ஒட்டிக்கிட்டவங்க, ஒருத்தி வீட்டுக் கல்யாணம் இன்னொருத்தி இல்லாம நடக்காது. புருஷன் வந்தப்புறம் ஹமீதாவுக்கு மெயில் வேலை இல்ல. கடைப் பக்கம் வரல. ரோட்டுல பார்த்தா, "நல்லா இருக்கீங்களா"ன்னு கேப்பா, பதிலுக்கு நிக்க மாட்டா. கோவம்னு சொல்ல முடியாது. எனக்குன்னு ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தவ அவ ஒருத்திதான், அவளும் போயிட்டா. முன்னாடியே சொல்லியிருந்தா அவ எனக்கு இருந்திருப்பா, ஆனா கடைக்கு வர்ற மத்தப் பொண்ணுங்களுக்கு நான் இல்லாமப் போயிருப்பேன். மறுபடி அதே நாள் வந்தாலும் வாயை மூடிக்கிட்டுத்தான் இருப்பேன். கஷ்டமா இல்லையான்னு கேக்காதீங்க. இருக்கு.

சரி, ஷட்டருக்கு உள்ள வாங்க.

சுமதி பேசினா பாருங்க, எந்த சினிமாக்காரியும் அவகிட்ட பிச்சை வாங்கணும். "என்னங்க, எளைச்சுப் போயிட்டீங்களாமே, முகத்தைக் காட்டுங்களேன்"னு கொஞ்சுறா, கண்ணுலேந்து தாரை தாரையா தண்ணி. அந்த நெட்டுல படம் ஓடாது. ஒண்ணு வரும், அப்படியே நிக்கும், கொஞ்சம் கழிச்சு இன்னொண்ணு வரும். மொதல்ல செல்வத்தோட முகம் வந்துச்சு. "இன்னும் கொஞ்சம் அந்தாண்ட திருப்புங்க"ன்னா. அடுத்த படத்துல செல்வத்துக்குப் பக்கத்துல ஜலீல். இஸ்திரி போட்ட சட்டை. முகம் கீழ பார்த்துக்கிட்டிருக்கு. சுமதி ஹெட்போனைக் கழட்டி ஹமீதா தலையில மாட்டிட்டா.

"செல்வண்ணே, ஹெட்போனை அவருக்கு மாட்டுங்க"ன்னா ஹமீதா. குரல் நடுங்கல. "மச்சான், நான்தான்."

அடுத்து வந்த படத்துல ஜலீல் பாதி எந்திரிச்சிருக்காரு, கை எதையோ தேடுது.

"எந்திரிக்காதீங்க. உட்காருங்க. நான் எல்லாத்தையும் பார்த்துட்டேன், பார்த்துக்கிட்டுத்தான் பேசுறேன். கண்ணாடியைக் கழட்டுங்க."

படம் நின்னுபோச்சு. லைன் அறுந்துடுச்சோன்னு எனக்குப் பயம். திரும்ப வந்துச்சு. உட்கார்ந்திருந்தாரு. கண்ணாடி இல்ல. கண்ணு இருந்த இடத்தைப் பத்தி நான் சொல்ல மாட்டேன். அவரு சிரிக்கப் பார்க்குறாரு. குரல் காதுல கேக்குது, ஆனா அவ எந்தப் பக்கம் இருக்கான்னு அவருக்கு எப்படித் தெரியும்? செவுத்தைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டிருக்காரு.

"அந்தப் பக்கம் இல்ல மச்சான்"னா ஹமீதா. "இடது கைப் பக்கம் திரும்புங்க. இன்னும் கொஞ்சம். தலையைத் தூக்குங்க. ஆங், அப்படியே இருங்க. இப்ப என்னைத்தான் பார்க்குறீங்க."

அதுக்கு மேல எனக்கு அங்க நிக்க முடியல. ஷட்டருக்கு அடியில குனிஞ்சு வெளியில வந்துட்டேன். பாய் என்னாச்சுன்னு கேக்குறாரு. இப்படித் திரும்பு, இந்தப் பக்கம் பாருன்னு என்னைச் சொல்ல இந்த உலகத்துல ஒரு ஆள் இல்லையேன்னு, அந்த நடுபஜார்ல நின்னு, சென்னையிலேந்து கொண்டுவந்த பையால மூஞ்சியை மூடிக்கிட்டு அழுதேன். பாய் எனக்கு முன்னாடி வந்து மறைச்சு நின்னுக்கிட்டு, வந்தவங்ககிட்ட லைன் இல்லேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு.